செரி மரத்துக்குள் சின்னம்மா

எங்கள் வீட்டில் என்ன மரம் நடுவது என்று முடிவெடுத்தது அப்பா இல்லை. இதை அவர் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆளைக் கேட்டால், இந்தக் குளிர்தேசத்துக்கு வந்து அஜின்கோர்ட்டில் வீடு வாங்கின கையோடு தானே தேடிப்போய், பார்த்துப் பார்த்து எடுத்த மரம் என்பார். பொய். சுத்தப் பொய். அந்த மரத்தை எடுத்தது என் சின்னம்மா.

சின்னம்மா அம்மாவின் தங்கை. தொண்ணூறுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, எப்படியோ கொழும்புக்கு வந்து, எங்கெங்கோ சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்தவர். எனக்கு அப்போது ஐந்து வயது. வீட்டுக்கு ஒரு சின்னம்மா வரப்போகிறார், என்னோடு விளையாடுவார், கதை சொல்லுவார் என்று நான் துள்ளிக்கொண்டு திரிந்தேன். வந்தவரோ பேசவே இல்லை. தேத்தண்ணி வேணுமோ, குளிருதோ, கடைக்குப் போவமோ, எதைக் கேட்டாலும் ஓம், வேண்டாம், காணும் என்பதோடு சரி. "அவள் ஏதாவது ஒண்டை ஆசைப்பட்டுக் கேட்டால் எனக்கு அதுவே காணும்" என்று அம்மா தொலைபேசியில் யாரிடமோ சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

அந்த வசந்தத்தில்தான் மரக்கன்று விற்கும் இடத்துக்குப் போனோம். வீட்டின் பின்வளவு வெறும் புல்லாகக் கிடந்தது. மரம் என்றால் காய்க்கவேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. அப்பிளா, பேரிக்காயா என்ற யோசனையோடு செரி வரிசைக்கு வந்தவரிடம், இவை பூவுக்கான மரங்கள், பழம் எதிர்பார்க்காதீர்கள் என்றார் கடைக்காரர்.

"பூக்கிறதுக்கு மட்டும் ஒரு மரமோ? இதென்ன கூத்து!" என்று அப்பா திரும்பி நடந்தார். அப்போதுதான் சின்னம்மாவைக் காணவில்லை என்பது தெரிந்தது.

அம்மா பதறிப்போனார். தேடிக்கொண்டு போனால், மூலையில் ஒரு பெரிய மரம். அதன் கொப்புகள் மேலே போகாமல், உச்சியிலிருந்து நாலா பக்கமும் வளைந்து நிலம்வரை தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் சின்னம்மாவின் செருப்பு தெரிந்தது. அம்மா கூப்பிட, கொப்புகளை விலக்கித் தலையை மட்டும் நீட்டினார்.

"இதை வாங்குவம், அத்தான்."

அப்பா கையைக் காட்டிக் கடைக்காரரைக் கூப்பிட்டார். கடைக்காரர் வந்து இதற்குப் பெயர் வீப்பிங் செரி என்றதும் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அழுகிற மரமாம். வீட்டிலை கொண்டுபோய் வைக்க வேறை மரமே இல்லையே?"

"நீ பேசாமல் இரு. பிள்ளை வாய்விட்டுக் கேட்டிட்டாள்" என்றார் அப்பா. அந்தப் பெரிய மரம் எங்கள் வான் வண்டிக்குள் அடங்காது என்பதால், அதே இனத்தில் சிறியது ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

சும்மா சொல்லக்கூடாது, அப்பா அதைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். குளிர்காலத்துக்கு அடியில் சாக்குச் சுற்றி, அதன்மேல் என்னுடைய கம்பளியையும் சுற்றினார். சின்னம்மா காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். முதல் வருடம் மொட்டு விட்ட வாரத்தில் பனி கொட்டி எல்லாம் கருகிவிட்டது. "காய்க்காது எண்டாங்கள். இப்ப பூக்கவும் மாட்டுதாம்" என்று அப்பா புலம்பினார்.

அது போதாதென்று வருகிறவர்கள் வேறு. "என்ன அண்ணை, மரம் வாடிப்போய் நிக்குது. தண்ணி விடுறேல்லையோ?" என்று கேட்பார்கள். அப்பாவுக்கு மானம் போய்விடும். ஒருநாள் தான் உடுக்கும் பழைய சாறத்தைக் கிழித்து, தடிகள் ஊன்றி, தொங்கிய கொப்புகளையெல்லாம் நிமிர்த்திக் கட்டினார். மரம் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாக் கட்டும் அவிழ்ந்து கிடந்தது. அப்பா திரும்பக் கட்டினார். சின்னம்மா திரும்ப அவிழ்த்தார். இரண்டு பேரும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் அப்பாவிடம் சாறம் முடிந்துபோயிற்று.

அடுத்த வசந்தம் வருவதற்குள் கொப்புகள் நிலத்தைத் தொட்டுவிட்டன. உள்ளே நானும் சின்னம்மாவும் ஒடுங்கி இருக்கலாம். அது என் வீடு, சின்னம்மா என் விருந்தாளி என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பாவோ புல் வெட்டும் மெசினை அடியில் விடமுடியவில்லை என்று நீளக் கத்தரி ஒன்று வாங்கி வந்தார்.

"முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவம். சனிக்கிழமை வெட்டுறன்."

"வேண்டாம், அத்தான். நிலம்மட்டும் தொங்கிக் கிடக்கட்டும்" என்றார் சின்னம்மா. கொப்புகளைக் கையால் பிடித்துக்கொண்டார். கொப்பு வெட்டுவதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தலைமயிர் மாதிரித்தான் பிள்ளை. வெட்ட வெட்ட வளரும்" என்று அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் மரம் பூத்தது. என்ன சொல்ல! காலையில் யன்னல் சீலையை இழுத்தேன், கத்திவிட்டேன். ஓர் இலை கிடையாது. காய்ந்த குச்சியாகக் கிடந்த கொப்பெல்லாம் நுனிவரைக்கும் பூ. வெள்ளை என்று பார்த்தால் இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு என்று பார்த்தால் வெள்ளை. பூவே மேலிருந்து வழிந்து நிலத்தில் தேங்கி நின்றது. அம்மா கையில் அகப்பையோடு வந்து நின்று "அம்மாளாச்சி!" என்றார். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துப் போனது.

நான் உள்ளே நுழைந்து பார்த்தேன். சுற்றிவரப் பூ, தலைக்கு மேல் பூ, பூவுக்குள்ளால் வெளிச்சம் வந்து என் கைகூட நிறம் மாறிக் கிடந்தது. உலகத்தில் இப்படி ஓர் இடம் இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

சனிக்கிழமை அப்பா கத்தரியோடு வந்துவிட்டார். பூத்த மரத்தில் கத்தரி வைக்காதேங்கோ என்று அம்மா கெஞ்சினார். "அடிப்பக்கம் மட்டும்தானப்பா" என்றார் அவர். சின்னம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நெடுஞ்சாலைப் பக்கம் ஏதோ விபத்துப்போல. ஒரு ஹெலிகொப்டர் வந்து, எங்கள் கூரைகளுக்கு மேலே தாழச் சுற்றத் தொடங்கியது.

சின்னம்மா கூடையைப் போட்டுவிட்டு என்னை அள்ளினார். அடுத்த நிமிடம் நாங்கள் மரத்துக்குள் இருந்தோம். என்னை மடியில் அமுக்கி, இரண்டு கையாலும் என் காதுகளை இறுக்கிப் பொத்தி, "வாயைத் திற! ஆவெண்டு திற!" என்றார். திறந்தேன். அண்ணாந்து பார்த்தேன். மேலே பூக்கள் நடுங்கின, உதிர்ந்தன. ஓர் இதழ் என் நாக்கில் விழுந்தது. எவ்வளவு சந்தோசம்! இதற்காகத்தான் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் அகலமாகத் திறந்தேன். சின்னம்மாவின் நெஞ்சு என் முதுகில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கொப்புகள் விலகின. அப்பா முழங்காலில் தவழ்ந்து உள்ளே வந்தார். கையில் கத்தரி இல்லை. "அது போயிட்டுது, பிள்ளை" என்றார். "இஞ்சை அது ஒண்டும் செய்யாது." சொல்லிவிட்டு வெளியே போகாமல் எங்களோடு இருந்தார். அதற்குப் பிறகு அந்த மரத்தில் ஒரு கொப்பையும் அவர் வெட்டவில்லை.

குண்டு விழும்போது வாயைத் திறந்து காதைப் பொத்திக்கொண்டால் செவிப்பறை கிழியாது என்று ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்பது, எனக்கு வெகு காலத்துக்குப் பிறகுதான் தெரியும்.

அன்றைக்குத் தெரியாது. திங்கட்கிழமை இடைவேளையில், என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மேப்பிள் மரத்தடியில் இருத்தினேன். சீனப் பிள்ளை, ஜமேக்காப் பிள்ளை, எல்லோரும் வந்தார்கள். என் சின்னம்மா சொல்லித்தந்த விளையாட்டு என்றேன். காதை இறுக்கிப் பொத்தவேண்டும், வாயை ஆவென்று திறக்கவேண்டும், நான் சொல்லும்வரை ஒருவரும் அசையக்கூடாது. அத்தனை பேரும் அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ரீச்சரும் சிரித்துக்கொண்டே வந்து, தன் காதுகளைப் பொத்திக்கொண்டு எங்கள் பக்கத்தில் இருந்தார்.