சுவர் விரிசலில் குடியிருந்த உண்ணிகள்

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் அண்ணன் வீட்டில் தங்கி ஆசிரியப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். மதனி கன்னிவாடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, ஒரு செவலை நாய். குழந்தை நடை பழகியதே அந்த நாயின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்தக் கோடையில் நாய்க்கு உண்ணி பிடித்தது. காது மடல், விரலிடுக்கு, எங்கே தொட்டாலும் கொத்தமல்லி விதை போலத் தட்டுப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது, குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்த மதனியின் கை நின்றது. காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி. முள்ளெடுக்கும் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்தெடுத்தார்.

"நாயை நாளைக்கே தூரமா ஆத்தூர்ல விட்டுட்டு வாரேன்" என்றார் அண்ணன்.

"ஒரு மாசம் பொறுங்க. அப்பவும் உண்ணி போகலைன்னா நானே கொண்டுபோய் விடுறேன்" என்றார் மதனி.

திண்டுக்கல்லில் புகையிலைக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டம்மா சொன்னபடி, மறுநாள் புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் மதனி நாயைக் குளிப்பாட்டினார். அது உடம்பை நக்கிக்கொண்டது. சற்று நேரத்தில் வாயில் நுரை தள்ளியது, கால்கள் நடுங்கின. மதனி குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, சாக்கால் துவட்டி, சாப்பிடக்கூடப் போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அது எழுந்து நின்ற பிறகுதான் அவரும் எழுந்தார்.

"சொன்னவங்க தப்பு மதனி" என்றேன்.

"ஊத்துனது என் கை தம்பி. நாய் நக்கும்னு எனக்குத் தெரியாதா?"

தவற்றை இப்படி உடனே ஒப்புக்கொள்கிறவர்களை நான் அதுவரை அதிகம் பார்த்ததில்லை. அண்ணனையும் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதன்பின் மதனி மருந்து தேடவில்லை. உண்ணியைக் கவனிக்க ஆரம்பித்தார். மத்தியான வேளைகளில் நாய் படுக்கும் மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். நாய் மேலிருந்து விழுந்த ஓர் உண்ணி, மெல்ல ஏறி வாசல்நிலை ஓரத்து விரிசலுக்குள் போனது. துடைப்பக் குச்சியால் கிளறினார். உள்ளே கொத்துக் கொத்தாக இருந்தன.

"நாய் மேல இருக்கறது கொஞ்சந்தான் தம்பி. அம்புட்டும் இங்கதான் குடியிருக்கு."

வீட்டிலிருந்த சாமானெல்லாம் வெயிலுக்கு வந்தது. விரிசல்களில் கொதிநீர் ஊற்றி, சுண்ணாம்பு குழைத்து அடைத்தோம். நாய் படுத்த சாக்கை எரித்தோம். தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து நாயின் மேல் தடவினார். அது நக்காமலிருக்க, எண்ணெய் ஊறும்வரை அதன் தலையை மடியில் பிடித்துக்கொண்டார். குழந்தையின் கணுக்காலுக்கும் அதே எண்ணெய்தான், இன்னும் குறைவாக. பொழுது சாயும்போது வேப்பிலைப் புகை. தினமும் நாயின் ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துப் பார்த்து, அகப்பட்டதை மண்ணெண்ணெய் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். ஒரு நாள்கூட விடவில்லை.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அலுத்துவிட்டது; அவருக்கு அலுக்கவில்லை. நான்காவது வாரம் சிரட்டையில் ஒன்றுகூட விழாத நாள் வந்தது. அண்ணன் குழந்தையின் காதுக்குப் பின்னால் பார்த்தார், பிறகு நாயின் காதைப் புரட்டிப் பார்த்தார். ஆத்தூர்ப் பேச்சை எடுக்கவேயில்லை.

அடுத்த பங்குனியில், வெயில் ஏறும் முன்பே, யாரும் சொல்லாமலே, அண்ணன் ஒரு கூடைச் சுண்ணாம்போடு வீட்டுக்கு வந்து, "எந்தச் சுவர்ல முதல்ல ஆரம்பிக்கணும்?" என்று மதனியிடம் கேட்டார்.