வலைத்தளத்தில் கைக்காசு

எழுதுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது, எழுதுகிற இடத்துக்கு வாடகையும் அவனே கட்ட வேண்டும்: வலைப்பதிவுத் தொழிலின் நியமனக் கடிதத்தில் இருக்கும் ஒரே நிபந்தனை இதுதான். என்னைப் போலச் சொந்தப் பெயரில் ஒரு தளம் வைத்து, 'இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள்' என்று ஆசையாகப் பார்த்து, வந்ததில் பாதி நாமேதான் என்று தெரிந்து நொந்துபோன நண்பர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

எனக்கு இலங்கை மலைநாட்டில், தேயிலை ஸ்டோரில் ராத்திரி வேலை. தோட்டத்துத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். பகலில் பெண்கள் பறித்த கொழுந்தை மாடியில் பரப்பி, கீழேயிருந்து காற்று விட்டு, விடியும்வரை வாட்ட வேண்டும். கொழுந்து வாடுவதைப் பார்த்துப் பார்த்து நானும் கொஞ்சம் வாடிவிட்டேன். நான் விழித்திருக்கும்போது ஊர் தூங்குகிறது; ஊர் விழிக்கும்போது நான் படுத்துவிடுகிறேன். பேச ஆள் இல்லாத குறைக்குக் கிழிந்த தேயிலைப் பையின் தாளில் எழுத ஆரம்பித்தேன். காலையில் வேலை முடிந்ததும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், நிஸாம் நானாவின் (முஸ்லிம் அண்ணன்களை இங்கே நானா என்போம்) இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டி அதைத் தளத்தில் ஏற்றுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. எதையாவது அழுத்துவது, கெட்டுப்போவது, அதைச் சரிப்படுத்துவது, இப்படித்தான் படித்தேன். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து 'நன்றாக இருந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் நன்றாக வரும்.

என் மனைவி பரமேஸ்வரி மலையில் கொழுந்து எடுப்பவள். தளத்தின் வருஷக் கட்டணம் இரண்டு தடவை அவளுடைய சீட்டுக் காசிலிருந்து போயிற்று. மூன்றாம் தடவை சட்டம் போட்டாள். தீபாவளியோடு தவணை வருகிறது. அதைத் தளமே சம்பாதித்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இழுத்து மூடிவிட வேண்டும். இங்கிலீஷ் தளங்களிலோ 'நீங்கள் தூங்கும்போதும் பணம் வரும்' என்று போட்டிருந்தான். பகலெல்லாம் தூங்குகிற எனக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருக்க முடியுமா என்று அவளிடம் சொன்னேன். "மாடு வளர்த்தா பால் தருது, கோழி வளர்த்தா முட்டை தருது. இது என்ன தரும்னு தீபாவளிக்குள்ள காட்டுங்க, பார்ப்போம்" என்றாள்.

மெலிய வைக்கும் தேநீர்

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது. பக்கத்தின் ஓரத்தை ஒரு விளம்பரக் கம்பெனிக்கு விட்டுவிடுவது. வருகிறவர் விளம்பரத்தைத் தட்டினால் நமக்குச் சில சதம். அப்போது அந்தக் கம்பெனிக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பக்கத்தைக் கண்டால் ஊமையாகிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி போட்டு வைக்கும்படி நிஸாம் நானா யோசனை சொன்னார். அகராதியைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

அந்த வாரம் நான் ஏற்றியிருந்தது, மழையில் கால் முழுக்க அட்டை கடிக்க, கூடையோடு மலை ஏறும் பெண்களைப் பற்றிய பதிவு. பக்கத்திலேயே வந்து நின்ற விளம்பரம்: உடம்பு மெலியப் பச்சைத் தேயிலை. ஒரு வெள்ளைக்காரி தன் இடுப்பைத் தானே அளந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தளத்தில் முதன்முதலாக விளம்பரம் வந்த பெருமையில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் போய், லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், இருக்கும் மாரியாயி அக்காவிடம் காட்டினேன். அவர் என் எழுத்தின் பக்கமே திரும்பவில்லை. வெள்ளைக்காரியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெலியிறதுக்குத் தேயிலையக் குடிக்கணுமாக்கும்? ஒரு மாசம் வந்து பறிக்கச் சொல்லுங்க தம்பி, எலும்புதான் மிஞ்சும்."

வீதி கேட்ட கம்பெனி

தட்டல்கள் கொஞ்சம் சேர்ந்ததும், நான் உண்மையான ஆள்தானா என்று விளம்பரக் கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தபாலில் ஒரு ரகசிய எண் அனுப்புவார்களாம். அதைத் தளத்தில் போட்டால்தான் காசோலை. விலாசப் படிவத்தில் 'வீதி' என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. லயத்துக்கு ஏது வீதி? வாசலிலிருந்து வாசலுக்குப் போகிற ஒரு மண் தடம், மழை பெய்தால் அதுவும் இல்லை. யோசித்துப் பார்த்து, 'ஸ்டோர் வீதி' என்று ஒன்றை நானே உண்டாக்கிவிட்டேன்.

எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். சில வாரம் கழித்துப் பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பினார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். "நான் சேர்ந்த நாள்லேருந்து இந்தத் தோட்டத்துல ஸ்டோர் வீதின்னு ஒண்ணப் பார்த்ததில்லையே. போட்டதுதான் போட்டிருக்கே, அந்தக் கம்பெனிக்காரன்கிட்டச் சொல்லி அதுக்குத் தாரும் ஊத்தித் தரச் சொல்லேன்!"

முடிவைச் சொன்ன விமர்சனம்

அடுத்த வழி புத்தகக் கமிஷன். ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதி, அதை விற்கிற வெளிநாட்டுக் கடைக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து போய் யாராவது வாங்கினால் நமக்கு ஒரு பங்கு. வாங்குவதற்குக் கடன் அட்டை வேண்டும். என் வாசகர்களில் பெரும்பாலானவர்கள் அடையாள அட்டையையே பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் இல்லை. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. ஒரு தடித்த நாவலை ராத்திரி ராத்திரியாகப் படித்து, நீளமாக, கண்ணீரோடு எழுதினேன்.

என் நிரந்தர வாசகர் குகதாசன் சேர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். நானாவின் கடையில் எப்போதும் என் பக்கத்து நாற்காலி. அவரிடம் அட்டை உண்டு என்பதை நான் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். பதிவை அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார், மூக்கை உறிஞ்சினார், எனக்கு நம்பிக்கை பொங்கியது. பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறீர் ஐசே. ஆனா முழுக் கதையையும் சொல்லிப்போட்டு, ஆர் சாகிறது எண்டதையும் சொல்லிப்போட்டீர். இனிக் காசு குடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கிறதுக்கு நான் என்ன விசரனே?"

தீபாவளி மலிவு விற்பனை

நிஸாம் நானாவின் மாமனாருக்கு டிக்கோயாவில் புடவைக்கடை இருந்தது. ஹாஜியார் என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுவோம். தீபாவளி மலிவு விற்பனையைப் பற்றி என் தளத்தில் ஒரு பதிவு எழுதினால் பணம் தருவதாக நானா மூலம் சொல்லி அனுப்பினார். கட்டணத்தில் பாதி இதிலேயே வந்துவிடும். ஆனால் நான் எதை எழுத உட்கார்ந்தாலும் எழுத்துக்குள் மழை பெய்ய ஆரம்பித்துவிடுகிறது. 'போன தீபாவளிக்குப் புதுத்துணி கட்டியவர்களில் எத்தனை பேர் இந்தத் தீபாவளிக்கு நம்மோடு இல்லை' என்று தொடங்கியது. அப்படியே போய், கடைசிப் பத்தியில்தான் வாயில் புடவைக்கு விலைக்குறைப்பு இருப்பது ஞாபகம் வந்தது.

ஹாஜியார் அச்செடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார். ஒரு தேத்தண்ணி வரவழைத்து என்னைக் குடிக்க வைத்தார். சட்டைத்துணி ஒன்றையும் மடித்துக் கையில் கொடுத்தார். பிறகு, நோகாமல் சொல்ல வேண்டுமே என்ற கவலையோடு சொன்னார்: "தம்பி, நல்ல மனசு ஒங்களுக்கு. ஆனா நான் கடைக்குச் சனம் வரணும்னு எழுதச் சொன்னேன். இதப் படிச்சவங்க எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வருவாங்க."

நன்கொடை வந்த விதம்

நன்கொடைப் பொத்தான் என்று ஒன்று உண்டு. மற்ற நாட்டுக்காரர்கள் அதை வைத்தால், வாசகர் அழுத்திப் பணம் அனுப்பலாம். நம் நாட்டில் இருப்பவன் அந்த வழியில் பணம் அனுப்பலாமாம், வாங்கத்தான் முடியாதாம். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில், 'உதவ விரும்புவோர் ஹட்டனில் நிஸாம் நானாவின் கடைக்கு அனுப்பலாம்' என்று எழுதிவிட்டேன். எழுதியதை மறந்தும் விட்டேன்.

ஒரு நாள் நுவரெலியா பஸ்ஸின் கொண்டக்டர் கடை வாசலில் ஒரு சாக்கை இறக்கிவிட்டுப் போனார். உள்ளே வெங்காயத்தாளுக்கு அண்ணன் முறையான லீக்ஸ், அடியில் கொஞ்சம் கேரட். ஒரு துண்டுக் காகிதம்: 'மரக்கறிச் சந்தையில் வேலை செய்கிறேன். அட்டைக்கடிப் பதிவு வாசித்தேன். என் அம்மாவின் காலும் அப்படித்தான் இருக்கும். அனுப்ப இதுதான் இருக்கிறது.' பஸ்ஸில் அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு லீக்ஸ் வாசனைதான் காரணம் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார். பரமேஸ்வரி லயம் முழுக்கக் காம்பராவுக்கு ஒரு கட்டு பகிர்ந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை வதக்கிச் சோற்றில் போட்டாள். "இத்தனை காலத்துல ஒங்க எழுத்து இன்னைக்குத்தான் சட்டியில வெந்திருக்கு."

கைக்காசு

லீக்ஸ் தின்ற லயத்துக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. தீபாவளிக்குத் தளத்தை மூடப்போகிறோம் என்று பரமேஸ்வரி கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொல்லியிருக்கிறாள். விளம்பரத்தைத் தட்டினால் காசு வரும் என்பதையும் சொல்லியிருக்கிறாள். எங்கள் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை விரும்பிப் போய்ப் பறிக்கிற கொழுந்துக்குக் கிலோ கணக்கில் தனியாகக் காசு உண்டு. அதற்குப் பெயர் கைக்காசு. எவ்வளவு பறிக்கிறோமோ அவ்வளவு. மாரியாயி அக்காவுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு மலைக்குப் போகாமல், லயத்துப் பெண்களைத் திரட்டி ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பரமேஸ்வரியும் போயிருக்கிறாள். நான் ராத்திரி வேலை முடிந்து, போர்வைக்குள் கட்டையாகக் கிடந்தேன்.

மற்றதெல்லாம் நானா சொல்லிக் கேட்டதுதான். எல்லாக் கம்பியூட்டரும் நிறைந்து, வாசலில் வரிசையாம். குகதாசன் சேர், என் பதிவை வாசிக்க இவ்வளவு பேரா என்று மலைத்து எழும்பி இடம் கொடுத்து, மவுஸ் என்கிற எலியைப் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தாராம். மாரியாயி அக்கா பின்னால் நின்று, "வெரசா, வெரசா" என்று விரட்டினாராம். "ஏற்கெனவே தட்டினதையே திருப்பித் தட்டலாமா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "துளிர்விட்டா பறிக்க வேண்டியதுதானே" என்றாராம்.

திங்கட்கிழமை காலை கணக்கைத் திறந்தேன். தேவையான தொகைக்கு மேலேயே நின்றது! கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி சொன்னேன். மறுநாள் இங்கிலீஷில் ஒரு மின்னஞ்சல். சேர் படித்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி படித்து, தமிழில் சொன்னார்: ஒரே இடத்திலிருந்து ஒரே நாளில் அளவுக்கு மீறித் தட்டியிருக்கிறார்கள், கணக்கு மூடப்பட்டது, சேர்ந்த பணம் கிடையாது. நான் போய் மாரியாயி அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "கொறையாப் பறிச்சா அரைப்பேர் போட்டு அரைச் சம்பளம் குடுப்பான், அது நாயம். கூடப் பறிச்சதுக்கு ஆளையே நிறுத்துற தோட்டத்த இப்பதான் தம்பி பார்க்கிறேன்!"

கல்லா

தவணை நாள் நெருங்கியது. பரமேஸ்வரி காலண்டரில் அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தாள். வட்டத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஸ்டோர் மாடியில் கொழுந்துக்கு நடுவே நின்று கடைசிப் பதிவை எழுதினேன். நான்கே வரி. நான் எழுதியதில் மழை பெய்யாத ஒரே பதிவு அதுதான். காலையில் ஹட்டனுக்குப் போய் அதைத் தட்டுவதற்கு உட்கார்ந்தேன். நானா வந்து தாளைப் பிடுங்கிப் படித்துவிட்டு, மேசையில் கவிழ்த்து வைத்தார். தன் கம்பியூட்டரை என் பக்கம் திருப்பினார். என் தளத்துக்கு அடுத்த வருஷத்துக் கட்டணம் செலுத்தியாகிவிட்டது என்று காட்டியது. கட்டியது அவருடைய கடன் அட்டையில்.

"என்ன நானா இது?" என்றேன். "அன்னைக்கு அத்தனை பொம்புளைங்களும் மணித்தியாலக் காசு கட்டிட்டுத்தானே போனாங்க? கடை தொறந்த நாள்லேருந்து அப்பிடி ஒரு வியாபாரம் நான் கண்டதில்ல. எல்லாம் ஒங்கட தளத்துக்கு வந்த சனம். அந்தக் காச நான் எப்பிடித் தம்பி என்ட கல்லாவுல வச்சிக்கிறது? ஒடஞ்சுபோன எலி ஒண்டுக்கு மட்டும் கழிச்சிக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். சட்டம் போட்டவள் அவள். தீர்ப்பும் அவள்தான் சொல்ல வேண்டும். தளம் தானே சம்பாதித்துக் கட்டியது என்று இதைச் சொல்லலாமா, கூடாதா? பரமேஸ்வரி தேயிலைக்கறை படிந்த விரலை மடக்கி மடக்கி யோசித்தாள். "நாங்க குடுத்த காசு நானாகிட்டப் போயிருக்கு, நானாகிட்டேருந்து தளத்து வாடகைக்குப் போயிருக்கு, நடுவுல நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க. சரி, நானும்தான் கைவலிக்கத் தட்டியிருக்கேன், மூட வேணாம். ஆனா அடுத்த பதிவு அட்டையப் பத்தி வேணாங்க, உருளைக்கெழங்கப் பத்தி எழுதுங்க. அந்த நுவரெலியாக்காரர் படிக்கட்டும்."

வலைத்தளத்தால் பணமே வராது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்; இங்கிலீஷ்காரன் எழுதியிருந்தபடியே வந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, நிஸாம் நானாவின் கடைக்கு.