ரோஷன் பேகம் மைக்கைப் பிடித்த கதை

காரைக்காலில் நௌஷின் வீட்டு மாடியறைதான் ஒலிப்பதிவுக் கூடம். ஜன்னல்களைப் பழைய மெத்தைகளால் அடைத்து, சுவரெல்லாம் கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு மேசை விசிறி. பதிவு நடக்கும்போது விசிறியை நிறுத்திவிட வேண்டும். அன்று விசிறியை நிறுத்தி வெகுநேரமாகியும் நௌஷினின் தாய் ரோஷன் பேகம் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உம்மா, பதிவு ஓடுது. பேசுங்க.”

“இத நான் பேச மாட்டேன்.”

“ஏன்?”

“நான் மயங்கி விழல. அதனால பேச மாட்டேன்.”

தாளில் இருந்தது இரண்டே வரி. ‘ஐயோ, எம்புள்ளையக் காணோமே’ என்று அலறியபடி தாய் மயங்கி விழுகிறாள். தந்தை கூட்டத்துக்குள் பாய்கிறார். கணினியின் முன்னால் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த சிலம்பரசன் திரும்பி நௌஷினைப் பார்த்தான். அந்தக் காட்சியை அவன் ஏற்கெனவே வரைந்து முடித்திருந்தான்.

நௌஷின் சென்னையில் அனிமேஷன் படித்து, அங்கேயே ஒரு ஸ்டுடியோவில் அயல்நாட்டுக் கார்ட்டூன்களுக்குப் பின்னணி ஓவியம் வரைந்துகொண்டிருந்தவள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. விழிதியூர்க்காரனான சிலம்பரசன் அவளோடு படித்தவன். இருவரும் சேர்ந்து ‘ஆறாவது சமோசா’ என்ற நகைச்சுவைத் தொடரை யூடியூபில் போட்டார்கள். ஒரு வீட்டில் ஐந்து பேர். தினமும் சாயங்காலம் ஆறு சமோசா வரும். மிச்சமாகும் ஒன்றுக்கு நடக்கும் சண்டைதான் தொடர். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வயது ஏறாது. மகன் எப்போதும் பத்தாம் வகுப்பிலேயே இருப்பான், மகளுக்கு எப்போதும் பல் விழுந்திருக்கும். ஆனால் சண்டை முற்றும்போது யாராவது ஒருவர் “அந்தக் காலத்துல என்ன நடந்துச்சு தெரியுமா” என்று ஆரம்பிப்பார். உடனே படத்தின் நிறம் மங்கும், தந்தைக்கு அடர்ந்த மீசையும் சுருட்டை முடியும் முளைக்கும், பழைய கதை ஒன்று ஓடும். பார்ப்பவர்களுக்குச் சமோசாவைவிட அந்த ஃப்ளாஷ்பேக்குகள்தான் பிடித்துப் போயின. ஓடிடி நிறுவனம் ஒன்று பத்துப் பகுதிகளை வாங்கிக்கொள்வதாகச் சொன்னபோது, எல்லாப் பகுதியிலும் பழைய கதை வேண்டும் என்று கேட்டது.

கதைகளுக்குப் பஞ்சமில்லை. நௌஷினின் வாப்பா காதர் பாட்சா இருபது வருஷத்துக்கு மேல் ஜித்தாவில் இருந்துவிட்டு வந்தவர். பாரதியார் சாலை டீக்கடையில் அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் டீ போடுகிறவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

ரோஷன் பேகம் இந்த வேலைக்குள் வந்தது தற்செயல்தான். தாய் பாத்திரத்துக்குச் சென்னையில் ஒரு நடிகையை அமர்த்தியிருந்தார்கள். காரைக்கால் பேச்சு அவருக்கு நாக்கில் ஏறவில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று காட்டுவதற்காக நௌஷின் தன் தாயைப் பேசவைத்து அனுப்பினாள். அதைக் கேட்ட நிறுவனத்தார், இந்தக் குரலே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. ரோஷனின் தகப்பனார் தாவூது மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், தர்கா கந்தூரி, கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம், எதுவானாலும் தாவூது வண்டிதான் போகும். திரும்பி வந்த ஒலிபெருக்கிக் குழாய்களையும் ஆம்ப்ளிஃபயரையும் கொட்டகையில் போட்டுச் சோதிக்கும்போது மைக்கில் பேச ஓர் ஆள் வேண்டும். மகள்தான் பேசுவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சலித்தபின், பஸ் ஸ்டாண்டில் கேட்டதை அப்படியே சொல்வாள்: “அம்பகரத்தூர் போற வண்டி இப்ப பொறப்படும், பொம்பளைங்க முன்னால ஏறுங்க.” தெருவில் போகிறவர்கள் நிஜம் என்று நினைத்து நின்று திரும்பிப் பார்ப்பார்கள். வாய்க்குள் முணுமுணுக்க அவளுக்குத் தெரியவே தெரியாது. காதர் பாட்சாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் அவளிடம் கண்ட ஒரே குறை அதுதான். அடுப்படியில் அவள் பேசினால் வாசலில் கேட்கிறது என்று மாமியார் பத்ருன்னிசா சொல்லிக்கொண்டே இருப்பார். ரோஷனும் குரலைக் குறைத்துப் பார்த்தாள். குறைத்த குரலும் கூடம் வரைக்கும் கேட்டது.

மாடியறையில், மைக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு ரோஷன் பேகம் நடந்ததைச் சொன்னார்.

மூத்த மகன் அஸ்ஃபாக்குக்கு அப்போது நாலு வயது. நௌஷின் பிறக்கவில்லை. மஸ்தான் சாகிபு தர்காவில் கந்தூரிக் கொடி ஊர்வலம். மாமியாரும் மருமகளும் பிள்ளையை நடுவில் பிடித்துக்கொண்டு போனார்கள். கொடி வந்த நேரம் கூட்டம் நெருக்கியதில் பிள்ளையின் கை நழுவிவிட்டது. மாமியார் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ரோஷன் நேராக மேடைக்குப் போனாள். ஏற்பாட்டாளர் ஒருவர் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

“புள்ளையக் காணோம். கொஞ்சம் சொல்லுங்க.”

“இந்தப் பேரெல்லாம் முடியட்டும்மா. சொல்றேன்.”

“அதுக்குள்ள புள்ள கடலுக்குப் போயிடும். குடுங்க இங்க.”

மைக்கை வாங்கவில்லை, பிடுங்கினாள். மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தது அவள் தகப்பனார் தாவூது. மகளைப் பார்த்தார். மேடையில் இருந்த பெரியவர்களையும் பார்த்தார். குமிழை வலப்பக்கம் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் அஸ்ஃபாக்கோட உம்மா பேசுறேன். எம்புள்ளையக் காணோம். நாலு வயசு, பச்சைச் சட்டை. எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க, யாரும் நகர வேணாம். பக்கத்துல பச்சைச் சட்டை போட்ட புள்ள இருந்தா தூக்கிக் காட்டுங்க.”

கூட்டம் நின்றது. அடுத்த நொடி, தெரு முனை வரை பிள்ளைகள் தலைக்குமேல் எழும்பினார்கள். கந்தூரிக்கென்று ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளுக்குப் பச்சையில்தான் தைத்திருந்தார்கள். சொந்தப் பிள்ளையைத் தூக்கிக் காட்டியவர்களும் உண்டு. உயரத்தைக் கண்டு மிரண்ட பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சுருதியில் கத்தினார்கள். ரோஷன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினாள். ஒரு பிள்ளை மட்டும் அழவில்லை. பலூன்காரர் ஒருவரின் தோளில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தான்.

“அந்தா, அழாம திங்கிறானே, அதான் எம்புள்ள,” என்றாள் மைக்கிலேயே.

கூட்டம் முழுவதும் சிரித்தது. ரோஷன் நன்றி சொல்லி, மைக்கை ஏற்பாட்டாளரிடம் கொடுத்து, “இப்ப பேரு வாசிங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பேச்சு வரத்தான் செய்தது. வீட்டுப் பெண்ணின் குரலை ஊரே கேட்டுவிட்டதே என்று மாமியார் மூன்று வேளையும் சொன்னார். அதே மாமியார்தான், பேரன் கிடைத்ததற்காக நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தார். தெருப் பெண்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, கேஸ் சிலிண்டருக்குப் புகார் சொல்ல, பள்ளிக்கூடத்தில் இடம் கேட்க, எங்கே போனாலும் “ரோஷன், கூட வந்து ரெண்டு வார்த்த பேசேன்” என்று கூப்பிட்டார்கள். அவளும் போனாள். இன்றைக்கும் போகிறார்.

சிலம்பரசன் ஹெட்போனை எப்போதோ கழற்றி வைத்திருந்தான். நௌஷின் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கதையில் உம்மா மயங்கி விழுவார். வாப்பா வெள்ளைச் சட்டையோடு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, மேடையேறி அறிவித்து, காக்கா அஸ்ஃபாக்கைத் தூக்கி வருவார்.

“இத்தன வருஷம் ஏம்மா நீங்க சொல்லல?”

“அவுக சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருந்தாக. வாயால சொல்றது காத்தோட போயிடும்னு விட்டுட்டேன். நீ படமா வரையிறியே. அது நின்னுடும்ல.”

“வரைஞ்சது முழுக்க வீணாப்போவும்மா,” என்றான் சிலம்பரசன்.

“திரும்ப வரை தம்பி. நல்லா வரையிற கைதானே.”

மத்தியானச் சாப்பாட்டின்போது ரோஷன் பேகமே பேச்சை எடுத்தார். கணவருக்கு மீன் துண்டை வைத்துக்கொண்டே, “கந்தூரியில புள்ள காணாம போன அன்னைக்கு நீங்க ஊர்ல இல்லங்க,” என்றார்.

காதர் பாட்சா நிமிர்ந்தார். “இருந்தேனே. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். தோள்பட்டையில கிழிஞ்சு போச்சு.”

“அந்த வருஷம் நீங்க ஜித்தாவுல. மறுவருஷம்தான் லீவுல வந்தீக. நௌஷின் அதுக்கப்புறம்தான் வயித்துல தங்குச்சு.”

“புள்ளைய நான்தான் தூக்கினேன். கையில கனம் இன்னும் இருக்கு.”

நௌஷின் யோசித்துப் பார்த்து, ஷார்ஜாவில் வேலை செய்யும் அஸ்ஃபாக்கை வீடியோவில் கூப்பிட்டாள். காணாமல் போனவனையே கேட்டுவிடலாம் என்று. அவன் அலுவலகச் சாப்பாட்டு அறையில் இருந்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

“பஞ்சுமிட்டாய்தான் ஞாபகம் இருக்கு.”

“ஒன்னைத் தூக்குனது யாரு? வாப்பாதானே?” என்று கேட்டார் காதர் பாட்சா.

“தெரியல வாப்பா. ஆனா உம்மா குரல் மேலேர்ந்து வந்துச்சு. மரம் பேசுற மாதிரி. நான் அண்ணாந்து மரத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

தாவூது குழாய்களை எப்போதும் மரத்தில்தான் கட்டுவார். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காதர் பாட்சா எழுந்து போய்க் கை கழுவினார். நௌஷின் பயந்தபடி அவருக்குக் கோபம் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவர் நிதானமாகப் பேசினார்.

“எங்கூட ரூமுல இருந்த நம்மூரு ஜவஹர் அலி சொல்லித்தான் எனக்குத் தெரியும். லீவு முடிஞ்சு ஜித்தாவுக்கு வந்தவன், ரூமு நடுவுல நின்னு, மேடை இங்க, மரம் இங்க, கூட்டம் இங்கன்னு நடிச்சே காட்டுனான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. எம்புள்ள காணாம போயிருக்கான், நான் அங்க இல்லயே. அங்க இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன், எப்படிப் பாஞ்சிருப்பேன்னு படுத்துக்கிட்டு யோசிப்பேன். யோசிச்சு யோசிச்சு, எப்ப அதுக்குள்ள போய் நின்னேன்னு எனக்கே தெரியல.”

ரோஷன் பேகம் சொம்பிலிருந்து தண்ணீரை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

“நின்னது நின்னுட்டீங்க. இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மகளிடம், “எம்பக்கத்தையும் முழுசா வெட்டிடாதம்மா. அந்தத் தம்பி நல்லா வரைஞ்சிருக்கான்,” என்றார்.

அதிலிருந்துதான் நௌஷினுக்கு வழி பிறந்தது. படத்தில் முதலில் தந்தையின் கதையே ஓடும். மீசைக்காரர் பாய்வார், சட்டை கிழியும், தாய் மயங்கி விழப்போவாள். பாதி விழுந்த நிலையிலேயே கண்ணைத் திறந்து, “நிறுத்துங்க, இது இப்படி நடக்கல” என்று எழுந்து நிற்பாள். அங்கிருந்து உண்மைக் கதை. சென்னையிலிருந்து நிறுவனத்தார் ஒருவர் போனில், தாய் அழுதால்தான் பார்ப்பவர்கள் உருகுவார்கள் என்று வாதாடினார். நௌஷின் போனைத் தாயிடம் நீட்டினாள். ரோஷன் பேகம் பேசி முடித்தபோது அந்த ஆள், சரிங்கம்மா என்று சொல்லியிருந்தார்.

மைக்கில் பேசிய பகுதியை ரோஷன் பேகம் ஒரே தடவையில் பேசினார். தாளைக்கூடக் கையில் எடுக்கவில்லை. சிலம்பரசன் பாதியில் ஹெட்போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா, மைக்லேர்ந்து கொஞ்சம் பின்னால ஒக்காருங்க. மீட்டர் செவப்புக்குப் போவுது.”

“ஒம்மீட்டரக் கொறைச்சுக்க தம்பி. நான் கூட்டத்துக்குப் பேசிக்கிட்டு இருக்கேன்.”

அவன் குறைத்துக்கொண்டான். பச்சைச் சட்டைகள் தலைக்குமேல் எழும்பும் காட்சியை வரைந்து முடித்துவிட்டுத்தான் வேறு வேலையைத் தொட்டான். அந்தப் பகுதி வெளிவந்தபின், தொடரிலேயே அதிகம் பேர் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி அதுதான். “அழாம திங்கிறானே, அதான் எம்புள்ள” என்ற வரியை முகம் தெரியாத பெண்கள் தங்கள் பிள்ளைகளின் படத்தோடு சேர்த்துப் போட்டார்கள். அஸ்ஃபாக்கின் அலுவலகத்தில் அவன் சாப்பிட உட்கார்ந்தாலே யாராவது அதைச் சொன்னார்கள். அவனுக்கு அதில் வருத்தமில்லை.

மார்க்கெட்டில் மீன் விற்கும் திருவேட்டக்குடி அல்லிதான் ரோஷன் பேகத்தை முதலில் கண்டுபிடித்தது. சங்கரா மீனுக்கு விலை கேட்ட குரலிலேயே நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கதானே அந்தப் படத்துல பேசுற அம்மா?”

“ஆமா. அதுக்காக வெலையக் கூட்டாத.”

காதர் பாட்சா இப்போதும் டீக்கடைக்குப் போகிறார். கதையும் சொல்கிறார். “அப்ப நான் ஜித்தாவுல இருக்கேன்” என்றுதான் தொடங்குகிறார். ஜவஹர் அலி அறையின் நடுவில் நின்று நடித்துக் காட்டியதை இவர் நடித்துக் காட்டுகிறார். மேடை இங்கே, மரம் இங்கே, அங்கே என் வீட்டுக்காரம்மா என்று கை நீட்டும்போது குரல் தானாக உயர்கிறது.

இந்த ஒரு கதை சரியானதோடு ரோஷன் பேகம் விடவில்லை. பெண் பார்க்க வந்த கதை, வீடு கட்டிய கதை, வெள்ளத்தில் ஆட்டைக் காப்பாற்றிய கதை என்று மகள் எழுதி வைத்திருந்த எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஆட்டுக் கதை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பெண் பார்த்த கதையில், தான் தலை குனிந்து நின்றதாக இருந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். நௌஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அப்ப எப்படி நின்னீங்க?”

“நேரா பாத்தேன். அவுகதான் குனிஞ்சாக. எழுதிக்க.”