கார்த்திக் சாரின் அம்மா வந்த நாள்

விமானம் விழுந்துவிட்டது என்று போன் வந்தபோது நான் மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தேன். என் கணவர்தான் வரப்பில் நின்று போனை எடுத்தார். தமிழ் பேசுகிற ஒரு அதிகாரி. "உங்க பையன் பிரவீன் உயிரோட இருக்கான். முதுகுல அடி" என்றாராம். கணவர் அதைச் சொன்னதும் "ஸ்தோத்திரம்" என்றேன். "கூட இருந்தவரு?" என்று கணவர் போனில் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அவரு போயிட்டாராம்."

என் வாயில் இரண்டாவது முறையும் ஸ்தோத்திரம் என்றுதான் வந்தது. பழக்கம். அந்த வார்த்தை அன்றைக்கு வாயில் கசந்த கசப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

என் பெயர் எஸ்தர். எட்டாவது வரை படித்தவள். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று உங்களுக்குச் சாட்சி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன். இனிப்பாக்கிச் சொல்ல எனக்கு வராது.

பிரவீன் எங்கள் ஒரே மகன். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படித்தான். இரண்டாம் வருஷம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, டிகிரி படிச்சவங்க விமானப்படைல பைலட் ஆவலாம்" என்றான். நம் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டவே யாருக்கும் லைசென்ஸ் இல்லையே என்றேன். அவன் சிரிக்கவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னான். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், அது இருக்கிறது. கல்லூரி என்.சி.சி.யில் விமானப் பிரிவில் இருந்து 'சி' சான்றிதழ் வாங்கியவர்கள் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேராகப் போகலாம். அவன் கல்லூரியில் அந்தப் பிரிவு கிடையாது, அதனால் எழுத்துத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம். வயசு தாண்டக் கூடாது. எழுத்தில் தேறினால் மைசூரில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே ஒரு மெஷினில் உட்கார வைத்து, கை, கால், கண், காது எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கிறதா என்று சோதிப்பார்கள்.

"அது வாழ்க்கையில ஒரே ஒரு தடவதாம்மா. அதுல போச்சுன்னா போச்சு. அப்புறம் பைலட்டா ஆவவே முடியாது."

முதல் தடவை மைசூருக்குப் போனவனை முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெஷின் வரைக்கும் போகவில்லை. அந்த இரவு அவன் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. மறுபடி எழுதினான். இரண்டாம் தடவை ஐந்து நாளும் இருந்தான், அந்த மெஷினிலும் தேறினான். பிறகு மருத்துவப் பரிசோதனை. கண் பார்வை பார்த்தார்கள், காலின் நீளம் கூட அளந்தார்கள். அந்த நாட்களெல்லாம் நான் உபவாசம் இருந்தேன். தேறியவர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்தபோது எங்கள் சபையார் ஈசிஆர் ரோட்டில் பேனர் வைத்தார்கள். உப்பளத்துக் கூலிக்காரியின் மகன் என்று அதில் போட்டிருந்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

பயிற்சியில் அவனுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் கார்த்திக் சார். சேலத்துக்காரர். முப்பது வயசுகூட ஆகவில்லை. தமிழ் பேசுகிறவர் என்பதால் ஒருமுறை பிரவீன் போனை அவரிடம் கொடுத்தான். "நல்லா பண்றான்மா. கொஞ்சம் யோசிக்கிறான், அவ்வளவுதான். பழகிடுவான்" என்றார். அதற்கப்புறம் என் காலை ஜெபத்தில் அவர் பெயரைச் சேர்த்தேனா என்று கேட்டால், இல்லை. தினமும் விடியும் முன் உப்பளத்துக்குப் போகும் வழியில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, என் மகனைப் பத்திரமாகத் தரையிறக்கும்.

அப்படியே நடந்தது.

விமானம் தரையைவிட்டு எழும்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு பருந்து வந்து மோதியிருக்கிறது. இஞ்சின் நின்றுவிட்டது. இருக்கையோடு வெளியே வீசி எறியப்படுவதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறதாம், அதை இழுக்க வேண்டும். பிரவீன் இழுத்தான். கார்த்திக் சாரும் இழுத்தார், ஆனால் அதற்குள் தரை நெருங்கிவிட்டது. யார்மேலும் குற்றம் இல்லை என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தப் பருந்தின்மேல்தான் கோபம். மகனைப் பார்க்கப் போய் ஊர் திரும்பிய பிறகு கழுவெளி ஏரிப் பக்கம் பறவை இறங்குவதைப் பார்த்தாலே மண்ணாங்கட்டியை எடுத்து எறிவேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பிரவீனுக்கு முதுகெலும்பில் முறிவு. நடப்பான், ஆனால் இனிப் பறக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பயிற்சி முடியாததால் அவன் அதிகாரியும் இல்லை. இடுப்பிலிருந்து மார்புவரை பெல்ட் கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் ஐயா பிரசங்க மேடையிலிருந்து சொன்னார். "சத்துரு நம்ம பிள்ளையக் குறி வெச்சான். கர்த்தர் அதை வேற பக்கம் திருப்பினாரு." எல்லோரும் கை தட்டினார்கள். வேறு பக்கம் என்றால் எந்தப் பக்கம்? கார்த்திக் சார் பக்கம்தானே. என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த சகோதரி முழங்கையால் இடித்து, "போங்கக்கா, சொன்னாத்தான் ஆசீர்வாதம் நிக்கும்" என்றார். நான் எழுந்தேன். மைக் வரைக்கும் போனேன். அப்படியே பக்கவாசல் வழியாக வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு பல மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். சபையிலிருந்து யாரும் வீடு தேடி வந்து பிரவீனைப் பார்க்கவில்லை. பிழைத்தவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதை வைத்து என்ன சாட்சி சொல்ல முடியும்?

ஆமாம், அவன் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான். பேச்சு இல்லை. அப்பா கூப்பிட்டால் ஒரு "ம்". நண்பர்கள் வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொல்வான். ஒருநாள் படுக்கையை உதறும்போது தலையணை உறைக்குள் ஏதோ கரகரவென்றது. வலிக்குக் கொடுத்த மாத்திரைகள். விழுங்காமல் சேர்த்து வைத்திருந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் அதை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் கொட்டினேன்.

அங்கேயே உட்கார்ந்து, பல மாதத்துக்குப் பிறகு வாய் திறந்து ஜெபம் பண்ணினேன். ஜெபம் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. "உனக்கு வெட்கமா இல்லயா? அவனக் காப்பாத்தினது நீதான்னு ஊரே சொல்லுது. காப்பாத்தினது நீன்னா முழுசாக் காப்பாத்து. பாதியில விடுறதுக்கு எதுக்குத் தொட்ட? என்னால முடியல. யாரையாவது அனுப்பு. அனுப்பலன்னா இனிமே உன் பேர நான் எடுக்க மாட்டேன்." அழுகை வரவில்லை. கோபம்தான்.

அந்த வாரமே கணவரின் போனுக்கு ஒரு அழைப்பு. "கார்த்திக்கோட அம்மா பேசறேனுங்க. சாவித்திரி. உங்க பையனப் பாக்கணும்."

யாரையாவது அனுப்பு என்று கேட்டேன்தான். இவரை அனுப்பு என்று கேட்கவில்லை.

சேலத்திலிருந்து பஸ் மாறி மாறித் தனியாக வந்தார். உள்ளே வந்து தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளாமல் பிரவீன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவன் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"படு. ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். என் பையன் கடைசியா என்ன சொன்னான்?"

பிரவீன் தலையணையில் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். நானும் அவன் அப்பாவும் வாசற்படியில் நின்றிருந்தோம்.

"'இழு'ன்னாரு" என்றான். "எனக்குக் கை வரல. ஒரு நொடி யோசிச்சேன். மறுபடியும் 'இழுடா'ன்னு கத்தினாரு. அப்புறந்தான் இழுத்தேன். நான் மொதல் தடவயே இழுத்திருந்தா சாரும் இழுத்திருப்பாரு. எனக்காகத்தான் நின்னாரு."

விசாரித்தவர்களிடம் சொல்லியிருந்தானோ என்னவோ, எங்களிடம் அவன் அதைச் சொன்னதே இல்லை. அன்றுதான் கேட்டேன். என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாவித்திரி அம்மா அழவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு சொன்னார்.

"இத நான் கேக்காமயே இருந்திருக்கலாம். கேட்டுட்டேன். மனசுல ஒண்ணுமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. எனக்குக் கோவம் இருக்குது. உம்மேலயும் இருக்குது, அவம்மேலயும் இருக்குது. ஆனா அவன் ரெண்டு தடவ கத்தி உன்னை வெளிய அனுப்பியிருக்கான். நீ இங்க படுத்துக்கிட்டுச் சாவுறதுக்கா? அப்படி ஏதாச்சும் பண்ணின, அப்பத்தான் நான் உன்ன மன்னிக்கவே மாட்டேன். எந்திரி. சாப்பிடு."

என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன இருக்குது?" என்றார். மீன் குழம்பு இருந்தது. அவர் சைவமாம். ஆனாலும் தட்டை அவரே வாங்கி, என்னை முள் எடுத்துத் தரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிரவீன் நாலு வாய் சாப்பிட்டான். ஐந்தாவது வாயில் அழ ஆரம்பித்தான். விபத்து நடந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அழுதான். அவர் அவனைத் தொடவில்லை. எழுந்தும் போகவில்லை. அழுது முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார்.

பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றோம். வெயில். அவர்தான் பேசினார்.

"நீங்க கும்புடுறவங்கன்னு பாத்ததும் தெரிஞ்சுது. தெனமும் என்ன கேப்பீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் புள்ளயப் பத்திரமா எறக்குன்னு."

"நானும் அதேதானுங்க கேட்டேன். மாரியம்மன்கிட்ட."

பஸ் வந்தது. ஏறும்போது என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். கோபத்தோடு வந்தவர், கோபத்தோடுதான் போனார். ஆனால் என் மகனை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரியமானவர்களே, இதுதான் என் ஜெபத்துக்கு வந்த பதில். விமானம் விழுந்தபோது வந்ததை நான் பதில் என்று சொல்ல மாட்டேன். அதை அப்படிச் சொன்னால் சாவித்திரி அம்மா கேட்டதற்கு வந்தது என்ன என்றும் நான் சொல்ல வேண்டும். ஆனால் வாய்க்கால் கரையில் நான் கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்டது கிடைக்காத ஒருத்தியின் கையால் வந்தது. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். நன்றி சொல்லும்போது கூசவும் செய்கிறது. இரண்டும் உண்மை.

பிரவீன் மறுநாளே குதித்து எழுந்துவிடவில்லை. மெல்ல நடந்தான். பிறகு பேசினான். இப்போது திண்டிவனத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணக்கு எடுக்கிறான். மாலையில் எங்கள் வீட்டு வாசலில், விமானப்படைக்குப் போக ஆசைப்படுகிற கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து உட்காருகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, மைசூரில் குழுவாகப் பேசச் சொன்னால் எப்படிப் பேசுவது, அந்த ஒரே ஒரு தடவை மெஷினுக்கு எப்படித் தயாராவது என்று சொல்லிக் கொடுக்கிறான். "சொன்னதும் செய்யணும். யோசிக்கிறதெல்லாம் தரையிலயே யோசிச்சு முடிச்சிடணும்" என்று அவன் சொல்லும்போது நான் உள்ளே போய்விடுவேன். கார்த்திக் சாரின் நினைவு நாளுக்கு நாங்கள் மூன்று பேரும் சேலம் போகிறோம். சாவித்திரி அம்மா சில வருஷம் நன்றாகப் பேசுவார், சில வருஷம் பேச மாட்டார். பேசாவிட்டாலும் போகிறோம்.

நான் சபைக்குத் திரும்பவும் போகிறேன். கடைசி வரிசையில் உட்காருகிறேன். மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது கை தட்டுவதில்லை.

வருகிற பிள்ளைகளில் ஒருத்தி பொம்மையார்பாளையத்துப் பெண். பி.எஸ்சி. கணக்கு, கடைசி வருஷம். அப்பா வளைகுடாவில் இருக்கிறார். போன மாதம் அவளுடைய அம்மா ஷாஹிதா மகளைக் கூப்பிட வந்தவர், என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, எனக்கு ரொம்ப பயமா இருக்குது. நான் அஞ்சு வேளையும் தொழுது துஆ கேக்குறேன். கேட்டா அல்லா பத்திரமா வெச்சுக்குவான்ல?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"தெரியாதும்மா" என்றேன். "எனக்குத் தெரியாது. ஆனா கேளு. விடாமக் கேளு. நானும் கேக்குறேன். பொண்ணு பேரு என்ன?"

"நஸ்ரின்."

அன்றிலிருந்து உப்பளத்துக்குப் போகிற வழியில் அந்தப் பெயரையும் சொல்கிறேன். அவளுக்குக் கற்றுக் கொடுக்கப் போகிறவர் யாரோ, பெயர் தெரியாத அவருக்காகவும் கேட்கிறேன். பக்கத்து இருக்கையில் இருப்பவரை விட்டுவிட்டு இனி எனக்கு ஜெபம் பண்ண வராது.

நீங்களும் கேளுங்கள். கோபத்தோடாவது கேளுங்கள், அவர் கேட்டுக்கொள்கிறார் என்பதற்கு நான் சாட்சி. கேட்டது உங்களுக்குக் கிடைத்தால் மேடையில் ஏறிச் சொல்வதற்கு முன்னால், கிடைக்காதவர்கள் எதிரே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காமல் போனவர்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். உப்பள வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.