ஏழு படங்களில் நான் பார்த்தது நான்கு

அந்த வருஷம் நான் பார்த்த படங்கள் ஏழு என்று என் டைரி சொல்கிறது. டைரி பொய் சொல்கிறது. நான் பார்த்தது நான்கு. மீதி மூன்றை இன்றுவரை பார்க்கவில்லை. ஆனால் அவற்றின் கதையை, முடிவு உட்பட, குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, கீழே அப்பாவிடம் கையொப்பமும் வாங்கியிருக்கிறேன்.

அந்த டைரியைத் தேடி எடுக்கும்படி போன வாரம் ஒன்று நடந்தது. என் மகள் சிநேகிதியோடு மாட்னி ஷோ போய்விட்டு வந்ததாகச் சொன்னாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "முடிவு என்ன, சொல்லு" என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. படத்துக்கே போகவில்லை என்று பிறகு தெரிந்தது. போன இடமும் பயப்படும்படியான இடமில்லை. இருந்தும் அன்றிரவே பரணில் ஏறி டைரியை எடுத்தேன். அவள் பொய் சொன்னதால் மட்டுமில்லை. அந்தக் கேள்வி என்னுடையதே அல்ல. முப்பது வருஷத்துக்கு முன் சாந்தோமில், எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு அப்பா என்னிடம் கேட்டது. குரல்கூட அவருடைய குரல்தான்.

பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது. அப்பா பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அம்மாவின் இடுப்பில் கைக்குழந்தை. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். மாமா ரங்கூனில் உத்தியோகம் பார்ப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் முகம் எனக்கு நினைவில்லை. கல்யாணப் போட்டோவில் தொப்பியின் நிழல் மூக்குவரை விழுந்து, மீசையும் மோவாயும் மட்டும்தான் தெரியும்.

பங்குப் பாதிரியாரான சாமியார் ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் சினிமாவைக் கண்டித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் சினிமாமேல் நம்பிக்கை கிடையாது. பொதுவாக அவருக்கு எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரன் பாலைப் பால் என்று நம்பமாட்டார். பையன்களின் வயிற்றுவலியை வயிற்றுவலி என்று நம்பமாட்டார். ஆனால் தங்கை வாய்விட்டு ஒன்று கேட்டால் மறுக்கவும் அவரால் முடியாது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தார். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, பகல் காட்சி, பெண்கள் பக்கத்தில். கூடவே நான் போக வேண்டும். வந்ததும் கதையை எழுதிக் காட்ட வேண்டும். யாரோ கொடுத்த டைரியில் சிவப்பு மையால் கோடு போட்டு மூன்று தலைப்பும் எழுதிக் கொடுத்தார்: படித்தது, பார்த்தது, கற்றது.

டிக்கெட் துண்டைக் காட்டு என்று கேட்டிருந்தால் எங்கள் குட்டு உடனே உடைந்திருக்கும். அப்பாவுக்கு அது தோன்றவில்லை. வாத்தியாருக்குக் கட்டுரைதான் சாட்சி.

'படித்தது' என்ற தலைப்பின் கீழ் வருஷம் முழுக்க ஒரே புத்தகம்தான் இருக்கிறது. அட்டை கிழிந்த, தலையணை கனத்துக்கு இருந்த புனிதர்களின் கதைகளான அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரம். நாளுக்கு ஓர் அர்ச்சியசிஷ்டவர். அநேகமாக எல்லோரையும் ஒரு கொடிய ராஜா கழுத்தை வெட்டிவிடுவான். உடனே சம்மனசுகள் என்ற தேவதூதர்கள் குருத்தோலையோடு இறங்கி வந்து மோட்சத்துக்கு அழைத்துப் போவார்கள். டைரியில் எழுதாமல் படித்தது வேறு: அத்தை தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்த துப்பறியும் நாவல்கள். அவள் அப்பாவுக்குத் தெரியாமல் படித்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் படித்தேன்.

முதல் மூன்று மாதமும் ஒழுங்காகப் படம் பார்த்தோம். டிராமில் போய் இறங்கி, பெண்கள் பக்கத்து பெஞ்சியில் இடம் பிடிப்போம். திரையில் இருப்பவர்கள் வாயைத் திறந்தால் பாட்டு. ராணி பாடுவாள், சேவகன் பாடுவான், சாகக் கிடப்பவனும் பாடி முடித்துவிட்டுத்தான் சாவான். எங்களைச் சுற்றிக் குழந்தைகள் அதைவிட உரக்க அழும். அத்தை எல்லா இடத்திலும் அழுதாள், கோமாளி விழுந்து புரளும் இடத்தில்கூட.

நாலாவது மாதம் டிராம் நிற்கும் இடத்துக்குப் போகாமல் தெற்கே திரும்பினாள்.

"அத்தை, கொட்டகை அந்தப் பக்கம்."

"தெரியும். நட."

வெகுதூரம் நடந்து அடையாற்றின் கழிமுகத்துக்கு வந்தோம். கரைமேட்டில் ஒரு பனைமரத்தடியில் என்னை உட்காரவைத்து, ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் அந்த மாதத்துப் படத்தின் பாட்டுப் புத்தகத்தையும் கையில் கொடுத்தாள். லஸ் கடைவீதியிலிருந்து யாரையோ விட்டு முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறாள். "இங்கேயே இருக்கணும். கீழே இறங்கி வரக்கூடாது. நான் கூப்பிட்டாலும் வரக்கூடாது" என்றாள். கூப்பிட்டால் ஏன் போகக்கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

கீழே, கவிழ்த்துப் போட்ட படகின் ஓரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அத்தை அவரிடம் போனாள். கிட்டப் போகவில்லை, பத்தடி தள்ளி மணலில் உட்கார்ந்தாள். நாவலில் கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல் தள்ளித்தான் உட்காருவார்கள். அந்த ஆள் அடிக்கடி துண்டால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டார். முகத்தை மறைக்கிறார் என்று குறித்துக்கொண்டேன். நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்து, "பாப்பா நெடுநெடுன்னு வளர்ந்துட்டாளே!" என்றார். அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது, எனக்கு அவரைத் தெரியவில்லை. இதுவும் நாவலில் வருவதுதான். திரும்பும்போது அத்தை கையையும் காலையும் முகத்தையும் தண்ணீரில் அலம்பு அலம்பு என்று அலம்பி, ஈரம் காய்ந்த பிறகே என் கையைப் பிடித்தாள். தடயத்தை அழிக்கிறாள்.

ரங்கூனில் புருஷன் இருக்க, ஆற்றங்கரையில் இன்னொருவர். பத்து வயதில் எனக்கு அதன் முழு அர்த்தம் தெரியாது. பாவம் என்று மட்டும் தெரியும்.

"அப்பா கேட்டா படம் பார்த்தோம்னு சொல்லணுமா?"

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலையே" என்றாள் அத்தை.

"அப்ப என்ன எழுதறது?"

"உனக்குத் தோணினதை எழுது."

பாட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். ராஜா நாட்டை இழப்பான், ராணி காட்டில் தனியே அலைவாள், துஷ்டன் வாளை உருவுவான். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் வேறெந்தக் குழந்தையாக இருந்தாலும் மீதியைத் தூக்கத்தில்கூடச் சொல்லியிருக்கும். எனக்குப் புராணம் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே முடிவை எழுதினேன்.

அப்பா படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "பரவாயில்லையே, நல்ல படமாத்தான் எடுக்கறாங்க" என்றார். அடுத்த மாதப் படத்தின் முடிவு அவரை இன்னும் உருக்கிவிட்டது. இந்துப் படங்களில், வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளின் மகிமை இவ்வளவு நன்றாக வருகிறது என்று சாமியாரிடமே போய்ச் சொன்னார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"சாமி, சினிமா விஷயமா ஒரு பாவம் செஞ்சேன்."

"எத்தனை தரம் போனாய்?"

"போகலை சாமி. அதுதான் பாவம்."

வலைத்தட்டிக்கு அப்பாலிருந்து சாமியார், "குழந்தை, போகாதது பாவம் இல்லை" என்றார். நான் மேலும் விளக்கப் பார்த்தேன். வெளியே வரிசை நீண்டிருந்தது. மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, "இனிமேலும் போகாதே" என்றார். சாமியாரே அனுமதி கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் முறையும் ஆற்றங்கரைக்குப் போனோம். அந்த ஆள் இளைத்திருந்தார். அத்தையை மணலிலிருந்து எழுந்திருக்கச் சொல்லி, இன்னும் தள்ளி உட்காரும்படி கையைக் காட்டினார். சண்டை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மீன்காரி வந்தாள். குப்பத்திலிருந்து வெள்ளிதோறும் எங்கள் வீட்டுக்கு முதல் கூடை அவளுடையதுதான். அம்மா வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் தானாகவே ஆரம்பித்தாள்: புதுப் படம் பார்த்தாளாம், அழுது அழுது கண் வீங்கிவிட்டதாம். படத்தின் பெயரைக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. "எங்க பாப்பாவும் அதைத்தான் பார்த்தா. எழுதியே வெச்சிருக்கா, கேளு" என்று டைரியைக் கொண்டுவந்து, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல உரக்கப் படித்தார். ராணி துஷ்டனுக்கு முன் முழந்தாளிட்டாள். வாள் இறங்கியது. சம்மனசுகள் குருத்தோலையோடு வந்தார்கள்.

மீன்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னாது! ராணிய வெட்டிட்டானா? நான் ரெண்டு தபா பாத்துக்கினு வந்தேன் வாத்தியாரே. ராணி குத்துக்கல்லாட்டம் கீறா! ராஜாவோட ஊஞ்சல்ல குந்திக்கினு பாட்டு பாடறா. மேலேர்ந்து சாமி எறங்கி வந்து பூவா கொட்டுது. சாமி வராம எந்தப் படம் முடிஞ்சுகீது?" என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "இன்னா பாப்பா, நடுவுல தூங்கிட்டியா?"

"ஆமா" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. உள்ளே முறத்தோடு நின்ற அத்தையைப் பார்த்தார். பிறகு மீன்காரியிடம், "கூடையில இருக்கறதெல்லாம் கொடுத்துட்டுப் போம்மா" என்றார். அவள் இந்த அதிர்ஷ்டம் எதனால் என்று தெரியாமலே சந்தோஷமாகப் போனாள்.

"பிள்ளையை எங்கே கூட்டிட்டுப் போனே?"

"அடையாத்துக்கு" என்றாள் அத்தை. "மூணு தடவை."

அப்பா என் தோளைப் பிடித்து இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவ எங்கே உக்காந்தா?"

"கரைமேட்டில. அவர் கீழே, படகுகிட்ட."

"காத்து எந்தப் பக்கம்?"

"பார்க்காம உக்கார வெப்பேனா அண்ணே? காத்து இவகிட்டேயிருந்து அவர் பக்கம்தான் அடிச்சுது."

"இருமினாரா?"

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

"இருமினாரான்னு கேக்கறேன்."

"என் புருஷன் அண்ணே அவர். நான் வேற எப்படிப் போய்ப் பார்ப்பேன்? தனியாப் போறேன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றார் அப்பா.

அந்த ஆள் என் மாமா. ரங்கூனிலிருந்து சயரோகத்தோடு திரும்பி வந்தவரை அவர் வீட்டார் உள்ளே சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. கடற்காற்றும் பாலும் முட்டையும்தான் மருந்து. ஆற்றுக்கு அப்பால் தென்னந்தோப்பில் அவருக்குக் குடிசை பார்த்துக் கொடுத்ததே அப்பாதான். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பதால் இங்கிருந்து யாரும் அவரிடம் போகக்கூடாது என்று அப்பா விதித்திருந்தார். அத்தையைத் தனியே வெளியே அனுப்பாமல் என்னைக் காவலாக அனுப்பியவரும் அவர்தான். அந்தக் காவலே என்னை ஆற்றங்கரையில் கொண்டுபோய் உட்காரவைத்தது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து.

அன்று தெரிந்தது இவ்வளவுதான். எங்களை அதுவரை குளிப்பாட்டியே அறியாத அப்பா, கார்பாலிக் சோப்பால் என்னைத் தோல் எரியத் தேய்த்துக் குளிப்பாட்டினார். சனிக்கிழமைகளில் நான் போட்டுக்கொண்ட கவுனை வெந்நீர் அடுப்பில் போட்டார். பாட்டுப் புத்தகங்களும் போயின. பொய்க்கு நரகத்தில் என்ன நடக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதில் ஒரு பங்கு வீட்டிலேயே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சட்டையைத் தூக்கி, முதுகில் காதை ஒட்டிவைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னார். உள்ளே இன்னும் பொய் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறார் என்று நான் மூச்சை மெதுவாக, யோக்கியமாக விட்டேன். அத்தை தனித் தட்டில் சாப்பிட்டாள், பின்கட்டில் படுத்தாள், தம்பியைத் தூக்குவதில்லை. அவளோடு அப்பா பேசுவது எனக்குக் கேட்காத குரலில் இருந்தது.

அப்பா செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். என் பிள்ளைக்கு இரண்டு நாள் இருமல் என்றால் நான் அவரைவிட மோசம்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அப்பாவே என்னைப் படத்துக்கு அழைத்துப் போனார். அவர் பார்த்த முதல் படம் அது. புறப்படும்போது அத்தை சமையற்கட்டு நிலையில் நின்றுகொண்டு, என் புது ரிப்பன் கோணலாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அவள் கட்டவில்லை, அம்மாதான் அவிழ்த்துக் கட்டினாள்.

கொட்டகையில் அப்பா திரையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கதவுப் பக்கம் பார்த்தார், கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். கோமாளி சேற்றில் விழுந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். படம் விட்டதும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைக்குக் கூட்டிப் போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். நான் தின்று முடித்ததும் இன்னொரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அப்படி ஒரு நாள் அதற்கு முன் வந்ததில்லை.

வீடு திரும்பியபோது பின்கட்டில் அத்தை இல்லை. அவள் டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. அன்று மதியமே அவள் பெட்டியோடு தோப்புக் குடிசைக்குப் போய்விட்டாள், மாமாவோடு இருக்க. அப்பாவிடம் கேட்டு, அவர் சம்மதித்து, நாளும் குறித்திருந்தார்கள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்வேன், அவளும் கட்டிக்கொண்டுவிடுவாள் என்பதால்தான் எனக்குச் சினிமா. அது எனக்கு அப்போது தெரியாது. அத்தை இடத்தைச் சுத்தமாகப் பெருக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அத்தை எப்ப வரும்?" என்று கேட்டேன்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "படம் என்ன கதை, சொல்லு" என்றார்.

பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர் கேட்கிறார். நான் முதல் பாட்டிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல், சாமி இறங்கி வந்து எல்லோரையும் சேர்த்துவைக்கிறவரை சொன்னேன். அவர் ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும், "அந்த முடிவை மறுபடி சொல்லு" என்றார். கொட்டகையில் அப்பா நன்றாகத் தூங்கிவிட்டார் என்று புரிந்துகொண்டு, அவரைக் காட்டிக்கொடுக்காமல், மறுபடியும் சொன்னேன்.