நாற்பதாவது இரும்புக்கட்டி

என் சித்தப்பா லிஃப்டில் ஏறமாட்டார். அது எதில் தொங்குகிறது என்று யாரும் திறந்து காட்டுவதில்லை என்பது அவருடைய குறை. பத்தொன்பது வருடமாக உயரமான கட்டடங்களுக்கு வெளியே, கம்பிவடத்தில் தொங்கும் மேடையில் நின்று வேலை செய்கிறவர் இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியாது.

தன் மேடையை எது தாங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். மொட்டைமாடியிலிருந்து இரண்டு இரும்பு உத்திரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை கவிழாமல் இருக்க ஒவ்வொன்றின் பின்நுனியிலும் இருபது இரும்புக்கட்டிகள். மஞ்சள் பெயிண்ட், ஒன்று இருபத்தைந்து கிலோ. காலையில் நாற்பதையும் தொட்டு எண்ணிய பிறகுதான் மேடையில் கால் வைப்பார். வேலையிடத்தில் அவர் பெயரே 'நாப்பது'.

போன மாதம் ஒரு மருத்துவமனையில் வேலை. நோயாளிகள் உள்ளே இருக்க, வெளியே புதுப்பிக்க வேண்டும். நான்காம் மாடி டயாலிசிஸ் வார்டில் மழைத்தண்ணீர் ஜன்னலோரமாகக் கசிந்து இயந்திரங்களுக்குப் பின்னால் இறங்கியது. அந்த வார்டை ஒரே ஒரு நாள், மாலை நான்கு மணி வரை காலிசெய்து தந்தார்கள். அதற்குள் ஆறு ஜன்னல்களின் கசிவையும் அடைத்தாக வேண்டும். முடியாவிட்டால் மறுநாளிலிருந்து வேறு ஆள் என்று எஞ்சினியர் முந்தைய நாளே சொல்லிவிட்டார்.

அன்று காலை எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடியும் எண்ணினார். அதே முப்பத்தொன்பது.

எஞ்சினியர் வந்தார். "ஒண்ணுதானேண்ணே. அதனால என்ன கவுந்துடப் போகுது?"

"கவுராதுன்னா நீங்க ஏறி நில்லுங்க சார். நான் இங்க உக்காந்து பாத்துக்குறேன்."

எஞ்சினியரும் மற்ற வேலையாட்களும் தேடத் தொடங்கினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் பார்த்தார்கள். காவலாளியிடம் பழைய இரும்பு வாங்குகிறவர்களைப் பற்றி விசாரித்தார்கள். மொட்டைமாடிக் கதவு வழியாக ஆறு பேர் நாலைந்து தடவை போய் வந்ததில் மணி பத்தரை ஆகிவிட்டது.

ஐந்தாம் மாடியைத் துடைக்கிற அக்கா மேலே வந்து, தேடுவது எப்படி இருக்கும் என்று கேட்டார். சதுரமாக, மஞ்சளாக இருக்கும் என்றார் சித்தப்பா.

"அதுவா? கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேனே."

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கட்டி அதன் கீழே நின்றது. கதவு வசதியாகத் திறந்திருக்கிறதே என்று அன்று காலை சித்தப்பாவே அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்.

கொக்கி உடைந்த கதவு, காற்றுக்கு அடித்துக்கொண்டே இருந்ததாம். கீழே ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் குழந்தைகளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறதாம். "சும்மாதானே அடுக்கி வச்சிருந்தீங்க," என்றார் அக்கா. வேறு எதையாவது வைத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விட்டுக்கொடுக்கிற முகமாக இல்லை.

சுற்றிலும் இருந்தது வெறும் தரை. சித்தப்பா தன் மூன்றடுக்கு டிபன் கேரியரைக் கதவடியில் செருகினார். கட்டியைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார். முதலிலிருந்து எண்ணினார். நாற்பது. இறங்கினார்.

சாப்பிட மேலே வரவில்லை. நேரமும் இல்லை, சாப்பாடும் வேலையில் இருந்தது. ஆறாவது ஜன்னலின் கடைசி மூலையை அவர் அடைக்கும்போது உள்ளே முதல் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மணி நாலுக்குப் பத்து நிமிஷம். எஞ்சினியர் கீழே இருந்து கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் அதே நேரத்துக்கு வரச் சொன்னார்.

வீட்டில், கேரியர் தொடாமல் திரும்பி வந்திருப்பதைப் பார்த்துச் சித்தி காரணம் கேட்டார். சித்தப்பா ஒன்றுவிடாமல் சொன்னார். சித்தி பொறுமையாகக் கேட்டார்.

"கதவு நின்னுச்சா?"

"சாயங்காலம் வரைக்கும் அசையல."

சித்தி மேலடுக்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, சூடுபண்ண எடுத்துப் போனார். அன்று இரவு சித்தப்பாவுக்கு வேறு எதுவும் சமைக்கப்படவில்லை.