அணியத்தில் என் முகம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆனாலும் இறக்கக்கண்டி தொடக்கம் ஈச்சிலம்பற்று வரை, வடிவான வள்ளம் என்று நாலு பேர் நின்று பார்த்தால் அதற்குப் பெயின்ற் அடித்த கை என்னுடையதாகத்தான் இருக்கும். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் சொந்தமாகப் பட்டறை போட்டதும் இந்தக் கையை நம்பித்தான்.

வள்ளத்தின் முன்முனையை அணியம் என்போம். அதில் அம்மன் முகம் எழுதுவது எங்கள் வழக்கம். கண்ணைக் கடைசியில், வள்ளத்துச் சொந்தக்காரர் முன்னால் திறப்பேன். கண் திறக்காத வள்ளம் கடலில் இறங்காது. இறங்குகிற அன்று அணியத்தின் முன் தேங்காய் உடைப்பவள் என் மனைவி.

நான் எழுதிய அம்மன்கள் எல்லாம் நான்தான். தாடி வழிக்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்தே வரைந்தேன். பார்த்து எழுத வேறு ஆள் இல்லை என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூக்குத்தி வைத்து, பொட்டு இட்டு முடிக்கும்போது நெஞ்சுக்குள் ஓர் அமைதி வரும். அது வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உள்ளே நான் பெண் என்பது அப்படித்தான் விளங்கியது. விளங்கிய நாளிலிருந்து பயம்.

என் இடப்புருவத்துத் தழும்பையும் விடாமல் எழுதுவேன். கண்ணாடியில் அது இடம் மாறி நிற்கும். அம்மனுக்கு அது வலப்புருவத்தில் போய்விடும். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. போன வருடம் கண்ணாடி உடைந்தது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து எழுதினேன். தழும்பு சரியான பக்கத்தில் விழுந்துவிட்டதை இந்தக் கெட்டிக்காரத் தலை யோசிக்கவில்லை.

கண் திறக்கிற காலை வள்ளத்துச் சொந்தக்காரர் வந்தார். அணியத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணை, அம்மனும் நீங்களும் ஒரே கல்லிலயோ விழுந்தனீங்கள்?”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் நின்றது.

“அப்ப நாளைக்கு விடிய நான் கற்பூரம் கொளுத்திக் கும்பிடப்போறது உங்களையோ?”

இந்தக் கதை மீன்சந்தைக்குப் போனால் ஒரு வள்ளமும் என்னிடம் வராது. அடிக்கவும் வருவார்கள்.

“அந்தத் தழும்பை அழியுங்கோ. நான் ஒண்டும் காணேல்லை.”

பிரஷ்ஷில் தோல் நிறத்தைத் தொட்டேன். காற்றடித்தாலும் கோடு பிசகாது என்று நான் பீற்றிக்கொண்ட கை, பிரஷ்ஷைத் திரும்பத் தகரத்துக்குள் வைத்தது.

“ஏலாது தம்பி.”

“ஏன்?”

“அது நான்தான். பொம்பிளையா இருக்கவேண்டிய நான்.”

அவர் வள்ளத்தின் மறுபக்கம் போனார். வள்ளத்தைத் தாங்கிய முட்டுக்கட்டைகளுக்கு நடுவே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அவை வாசல் பக்கம் திரும்புகின்றனவா என்று பார்த்தபடி நின்றேன்.

“உங்கட மனிசிக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“நாளைக்குத் தேங்காய் உடைக்கிறது அவவெல்லோ.”

“ஓம்.”

“என்ர வாயால வராது. கண்ணைத் திறவுங்கோ, காயவேணும்.”

மறுநாள் மனைவி தேங்காயோடு அணியத்தின் முன் நின்றாள். கூட்டம் அவசரப்படுத்தும்வரை அந்தத் தழும்பை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உடைத்தாள். வரும் வழியில் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். இன்றுவரை கேட்கவில்லை. குசினிக்குள் சமைத்தபடி, “இஞ்சருங்கோ” என்று அவள் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும், இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ என்று நான் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறேன்.